அப்பாவின் எண்ணெய் பிறேக்

எங்கள் சொந்தக்காரர் கூடினால் இன்றைக்கும் யாராவது ஒருவர் அந்தக் காரின் கதையை எடுத்துவிடுவார். "என்ன பிறேக்கப்பா அது!" என்று தொடையில் தட்டிச் சிரிப்பார்கள். நான் எழுந்து தேத்தண்ணி போடவென்று குசினிக்குள் போய்விடுவேன். காருக்கு முன்னால் நின்றது நான்தானே என்பது ஒருவருக்கும் நினைவு வராது. வந்தாலும் அதையும் ஒரு பகிடியாகத்தான் சொல்வார்கள். சொல்லட்டும், எனக்கென்ன.

அப்போது எனக்கு ஏழு வயது, அண்ணாவுக்குப் பத்து. யாழ்ப்பாணத்தில் பங்கு பிரிக்கக் காணி போதாமல் வட்டக்கச்சிக் குடியேற்றத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. மற்றவர்கள் வயலோடு மாரடிக்க, அப்பா வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு ஒரு பழைய கறுப்புக் கார் வாங்கி வாடகைக்கு ஓடினார். ஆஸ்பத்திரி, கோயில், பளையில் ஒரு செத்தவீடு என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கார்தான். அதன் பிறேக் கம்பியால் இழுக்கிற பழைய வகை. மிதித்தால் ஒரு சில்லுப் பிடிக்கும், மற்றது யோசிக்கும். மழையில் நனைந்துவிட்டால் நாலுமே யோசிக்கும்.

ஒரு மாரிகாலம், எங்கள் அயலில் ஒருவர் தன் மகளுக்குக் கலியாணம் பேசினார். கிளிநொச்சி ஸ்டேசனில் வந்து இறங்கிய மாப்பிள்ளை பகுதியை ஏற்றிவரும்படி அப்பாவைத்தான் கேட்டார். குளக்கட்டிலிருந்து இறங்கும் இடத்தில் பிறேக் பிடிக்கவில்லை. மாப்பிள்ளையும் தாயும் பலகாரத் தட்டங்களுமாகக் கார் வாய்க்காலுக்குள் போய் இறங்கியது. ஒருவரும் சாகவில்லை, தாய்க்குக் கை முறிந்ததோடு சரி. ஆனால் பெண் வீட்டுப் படலை திறக்க முன்னமே இப்படியென்றால் பிறகு எப்படியோ என்று, அவர்கள் ஈர உடுப்போடு அடுத்த றெயினிலேயே திரும்பிவிட்டார்கள். பழி முதலில் அந்தப் பெண்ணின் ராசியில் விழுந்தது. பிறகுதான் காரில் விழுந்தது.

அதன் பிறகு எங்கள் காரில் ஏற ஆளில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளைக்கூட மாட்டுவண்டிலில் கொண்டுபோனார்கள். கார் பாலை மரத்தின் கீழ் நின்றது, அதன் கூரையில் கோழி படுத்தது. வயலோ குத்தகைக்காரனிடம். மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று எங்களுக்கு அலுத்துப்போயிற்று.

அப்பா ஒருநாள் வவுனியாவுக்குப் போனார். அங்கே கராஜ் வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடம், அடிபட்டு நொருங்கிய வான் ஒன்று கிடந்ததாம். அதன் பிறேக் எண்ணெயில் வேலை செய்கிற புது வகை. சில்லைப் பிடிக்கிற பெரிய றம், அகலமான லைனிங், குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றி எங்கள் காருக்குப் பூட்டலாம் என்று நானா சொல்லியிருக்கிறார். அம்மாவின் காப்பு இரண்டும் அதற்குப் போயின. அம்மா சவர்க்காரம் பூசிக் கழற்றிக் கொடுத்தார்.

நானா மூன்று நாள் எங்கள் வீட்டில் நின்று வேலை செய்தார். கடைசியில் குழாய்க்குள் நிற்கிற காற்றை வெளியேற்ற வேண்டும். அவர் கீழே படுத்திருந்து நட்டைத் தளர்த்தும்போது மேலே ஒருவர் மிதிக்க வேண்டும். அந்த வேலை அண்ணாவுக்குக் கிடைத்தது. "மிதி", "விடு", "மிதி" என்று காருக்கடியில் இருந்து சத்தம் வர, அவன் ஏதோ பிளேன் ஓட்டுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மிதித்தான். நானும் ஒருக்கால் மிதிக்கிறேன் என்று கதவைப் பிடித்தேன். "பெட்டையளுக்கு இதுக்குள்ள என்ன வேலை? அங்கால போ" என்று அப்பா துரத்திவிட்டார். அன்று முழுக்க எனக்கு அழுகைதான்.

வேலை முடிந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு நானா அப்பாவுக்குச் சொன்னார்: "அண்ணை, பிறேக் சில்லைத்தான் நிப்பாட்டும். றோட்டைப் பிடிக்கிறது டயர். உங்கட டயர் நாலும் மொட்டை. மாத்திப்போட்டு ஓடுங்கோ. இப்பிடியே ஓடி இறுக்கிப் பிடிச்சியளெண்டால் வழுக்கிக்கொண்டு போகும்."

அப்பா, "ஓமோம்" என்றார். அம்மாதான் திருப்பிக் கேட்டார், "வழுக்கினால் நில்லாதோ?" என்று. "நிக்கும் தங்கச்சி, எங்க நிக்குமெண்டு சொல்லேலாது" என்றார் நானா. அம்மா வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

டயருக்குக் கழற்ற அம்மாவிடம் வேறு காப்பு இருக்கவில்லை. அப்பாவுக்குப் பொறுமையும் இருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் வீட்டு முன்றோட்டில், பிறேக்கைக் காட்டப்போவதாக ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். சனம் வாய்க்கால் கட்டு முழுக்க வந்து நின்றது. சுண்ணாம்பால் றோட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, கோட்டிலே ஒரு நெல் மூட்டையை நிமிர்த்தி வைத்தார்கள். அப்பா தூரத்திலிருந்து புழுதி கிளப்பிக்கொண்டு வந்து மிதித்தார். கார் கிறீச்சிட்டு மூட்டைக்கு ஓர் ஆள் நீளம் முன்னால் நின்றது. சனம் ஆரவாரித்தது. இறங்கிய அப்பாவின் முகத்தில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

கலியாணம் குழம்பிய அந்தப் பெண்ணின் தகப்பனும் வந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"மூட்டைக்கு என்ன, உயிரே இருக்கு? என்ர பிள்ளை வீட்டோட கிடக்கிறாள். உம்மட பிள்ளை ஒண்டை உதில நிப்பாட்டும் பாப்பம். நிப்பாட்டினால் நாளைக்கு முதல் ஆளா நான் ஏறுறன்."

யாராவது ஒரு மனுஷன், "விசரே உங்களுக்கு?" என்று கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் அப்பாவின் முகத்தையே பார்த்தார்கள். அப்பா எங்கள் படலைப் பக்கம் திரும்பி, "இஞ்சேர், பிள்ளையளில ஒண்டை இஞ்சால விடு" என்றார். எந்தப் பிள்ளை என்று அவர் சொல்லவில்லை.

படலையடியில் அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். "நான் போறன், நான் போறன்" என்று அண்ணா துள்ளினான். அம்மா அவனுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் அவனுக்கு வலித்திருக்க வேண்டும், "ஆ" என்றான். அம்மாவின் மற்றக் கை என் முதுகில் இருந்தது. மாட்டேன், ஒன்றையும் விடமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றை எடுக்க அவருக்கு அதிக நேரமும் தேவைப்படவில்லை.

"நீ போ பிள்ளை" என்றார்.

நான் ஓடினேன். எனக்குச் சந்தோசப் புழுகம் தாங்கவில்லை! அண்ணா அங்கே நிற்க, இத்தனை சனத்துக்கு முன்னால் என்னையல்லவா அனுப்பியிருக்கிறார்கள். மூட்டையை இழுத்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை நிறுத்தினார்கள். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, சுண்ணாம்புக் கோட்டில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றேன். கார் வந்தது. முதலில் சின்னதாக, பிறகு பெரிதாக. அப்பா மிதித்தது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் காரின் மூக்குக் குனிந்தது. ஆனால் இந்தமுறை அது நேரே வரவில்லை. கிரவல் மண்ணில் வழுக்கி, பக்கவாட்டில் திரும்பி, கற்களை என் காலில் வாரி அடித்துக்கொண்டு வந்தது. புழுதி அடங்கியபோது காரின் மூக்கு என் நெஞ்சுக்கு நேரே, கையால் தொடக்கூடிய இடத்தில் நின்றது. தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

சனம் கத்தியது. விசிலடித்தார்கள். அப்பா ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்தபடி கனநேரம் இறங்காமல் இருந்தார். பெண்ணின் தகப்பன் மறுநாள் சொன்னபடியே வந்து ஏறினார். அதற்குப் பிறகு எங்கள் காருக்கு ஓய்வில்லை.

அன்று மத்தியானம் அப்பா எனக்கு மட்டும் ஒரு சோடா வாங்கித் தந்தார். அண்ணா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதான், தன்னை ஏன் விடவில்லை என்று. நான் சோடாப் போத்தலோடு அவன் தலைமாட்டில் போய் நின்று, "அம்மாவுக்கு என்னிலதான் விருப்பம். அதுதான் என்னை விட்டவா" என்று வாயை நெளித்துக் காட்டினேன்.

குசினிக்குள்ளிருந்து அம்மா அகப்பையோடு வந்தார். அப்படி ஓர் அடி அதற்கு முன்னும் பின்னும் அவர் எனக்கு அடித்ததில்லை. முதுகில், தோளில், காலில், விழுந்த இடமெல்லாம் அடித்தார். அடித்துவிட்டு அகப்பையை எறிந்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணாவை அழவைத்ததற்குத்தான் அந்த அடி என்று நினைத்தேன். மிச்சச் சோடாவை அவனுக்கே கொடுத்துவிட்டேன். அம்மாவின் கோபம் ஆறட்டும் என்று, பொழுதுபடும்வரை அவனோடு சண்டை பிடிக்காமல் நல்ல பிள்ளையாக இருந்தேன்.