கையுறையோடு தின்ற பால்கோவா

ராஜபாளையத்துக் கல்லூரி ஆய்வகத்தில் என் முனைவர் பட்டம் ஒரே வரியில் தொங்கிக்கொண்டிருந்தது: வெறும் தாமிரத்தைவிடக் கரி பூசிய தாமிரம் குறைவாகத்தான் எலக்ட்ரான்களைக் கக்கும். வெற்றிடக் குழாயில் ஒரு எலக்ட்ரான் உலோகத்தில் மோதினால், உள்ளே சும்மா கிடக்கும் ஒன்றிரண்டையும் கிளப்பி வெளியே அனுப்பும். ஒருவருக்குப் பத்திரிகை வைத்தால் பந்தியில் மூன்று பேர் உட்காருவார்களே, அதேதான். அந்தக் கூட்டத்தைக் கரிப்பூச்சு குறைக்கிறது என்று மறுநாள் காலை ஆய்வுக் குழு முன் காட்ட வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருடம்.

வெறும் தாமிரத் தகடு கக்குவதை அளந்தேன். பூசியதற்குச் சமமாக வந்தது. மறுபடி அளந்தேன், இன்னும் இறங்கியது! என் பூச்சு தண்டம் என்று தாமிரமே சாட்சி சொன்னது.

வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் வரும் சக மாணவி எட்டிப் பார்த்தாள்.

"காத்த உறிஞ்ச எம்புட்டு நேரமாச்சுண்ணே?"

"வழக்கத்துக்கு ரெண்டு மடங்கு. பம்பு கிழடாயிருச்சு."

"பம்பக் குத்தஞ்சொல்லாதிய. உள்ள பிசுக்கு இருந்தாலும் நேரமாகும். தகட்ட வெறுங்கையால தொட்டியளா?"

"நானா? கிளவுஸு போட்டாத்தான் தொடுவேன். காலையில பால்கோவா திங்கையிலகூடக் கழட்டல."

அவள் பார்வை என் கையுறைக்கு இறங்கியது. சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலும் விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கியது, கை பிசுபிசுக்குமே என்று கையுறையோடு வழித்துத் தின்றுவிட்டு, அதே விரல்களால் தகட்டை எடுத்து மாட்டியிருக்கிறேன். நெய்யை எலக்ட்ரான் கற்றை பொசுக்கி, நான் மாதக்கணக்கில் பாடுபட்டுப் பூசிய கரியை ஒரே காலையில் ஓசியாகப் பூசிவிட்டது.

"கை சுத்தமா இருக்கணும்னு தகட்ட அழுக்காக்குன ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தாண்ணே."

புதுத் தகடு, புதுக் கையுறை, பட்டினி வயிறு. சாயங்காலம் அளவு சரசரவென்று ஏறியது. தாமிரம் அள்ளி அள்ளிக் கக்க, நான் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி ஆடினேன். அவள் கதவைச் சாத்தினாள், யாரும் பார்த்துவிடக் கூடாதென்று.

மறுநாள் குழுவின் முன் மூன்று அளவுகளையும் ஒரே வரைபடத்தில் மூன்று கோடுகளாக வைத்தேன். மறைக்க மனம் வரவில்லை. மூத்த பேராசிரியர் கண்ணாடியை இறக்கினார்.

"மேல வெறும் தாமிரம், கீழ கரி பூசினது. சரி. இந்த மூணாவது கோடு?"

"நெய், சார்."

முழுக் கதையும் கேட்டார். தோள் குலுங்கச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"இதையும் ஆய்வேட்டுல எழுதுங்க. ஆனா எந்தக் கடைன்னு மட்டும் எழுதிராதிய. பாவம், அவிய பொழைக்கட்டும்."