மூன்றாவது ஓட்டை

கடைக்காரர் "அண்ணே, வெட்டாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள், என்னோடு வந்தவர் வெட்டிவிட்டார். ஸ்பீக்கர் வயர்ச் சுருளின் நுனியிலிருந்து ஒரு விரல் நீளம். பிளேடை இடது கையில் பிடித்துத் தோலை உரிக்கிறார். உள்ளேயிருந்து ஓர் இழையை இழுத்துச் சுரண்டுகிறார். சுரண்டிய இடத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறார்.

"உள்ள வெள்ளையா இருக்கு பாருங்க. அலுமினியத்துக்குச் செம்பு வேஷம் கட்டியிருக்கான்."

"கம்பெனியிலயே அப்படித்தாண்ணே வருது."

"கம்பெனிக்காரன் என்ன எனக்கு மாமனா, மச்சானா, நம்புறதுக்கு?"

எங்கள் பக்கத்தில் இவரை எல்லோரும் டெஸ்டர் என்றுதான் சொல்வார்கள். வீடுகளில் ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுப்பது தொழில். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லி உடம்பு, ஒரு புருவம் மட்டும் எப்போதும் கொஞ்சம் மேலே. அது பிறவியிலேயே அப்படியா, சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு ஏறிப்போனதா, தெரியவில்லை. தன் கல்யாணத்தன்றே மைக் செட்டின் ப்ளக்கைச் சோதித்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாராம். இதைச் சொன்னது அவர் மனைவி. ஆகையால் நம்பலாம்.

அவர் வாயிலிருந்து "சரி" என்ற சொல் தனியாக வந்ததில்லை. "இப்போதைக்குச் சரி" என்பார். வயரைக் கடைக்காரர் அளந்து கொடுத்தால் தன் டேப்பால் மறுபடி அளப்பார். அந்த டேப்பை எதை வைத்துச் சரிபார்த்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கு இன்னொரு டேப்பை எடுப்பார்.

கடைக்காரரும் விடவில்லை. கண்ணாடி அலமாரியைத் திறந்து, நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றை எடுத்து வைத்தார். முனையெல்லாம் தங்க முலாம்.

"தங்கம் போட்டா படத்துல வர்ற பொண்ணுக்கு நகை கூடுமா?" என்றார் டெஸ்டர். "ரெண்டு மீட்டருக்கு எதைப் போட்டாலும் ஒண்ணுதான் சார். படம் வந்தா வரும், வராட்டி வராது. சாதா கேபிளைக் குடுக்கச் சொல்லுங்க."

சரி, சிக்கனமான மனிதர் என்று நான் மகிழ்ந்த அடுத்த நிமிடமே இருப்பதில் தடித்த செம்பு வயரைக் காட்டி, "இதுல கஞ்சத்தனம் கூடாது" என்றார். மின்னழுத்தம் எகிறினால் காப்பாற்றும் ஸ்பைக் கார்டு நான்கு ரகம் வந்தது. நான்கையும் காதருகே வைத்துக் குலுக்கினார். மூன்றை ஒதுக்கிவிட்டு நான்காவதைக் கல்லாமேசையிலேயே ஸ்க்ரூ கழற்றித் திறந்து, உள்ளே, எகிறும் மின்சாரத்தை விழுங்கும் நீல வில்லைகள் மூன்று இருப்பதை எண்ணிய பிறகே வாங்கச் சொன்னார். "சில பெட்டியில வெறும் பச்சை லைட்டுதான் சார் இருக்கும். காவக்காரன் உடுப்பை ஆணியில மாட்டி வச்ச மாதிரி."

மலிவையும் வேண்டாம் என்கிறார், விலை கூடியதையும் வேண்டாம் என்கிறார். இதில் இவருக்கு எங்கே லாபம் என்று வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தேன். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை.

வீட்டில் என் மனைவி டீ கொண்டுவந்தாள். "டீயைக் குடுத்துப் பேச்சுல இழுப்பீங்க, வேலை கெட்டுப்போகும். அப்புறம் குடிக்கிறேம்மா" என்று மறுத்துவிட்டார். இவ்வளவு சந்தேகமா என்று அவள் முகம் சுருங்கினாலும், சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"அண்ணே, சத்தம் முன்னபின்ன இருந்தாலும் பரவாயில்ல. இந்த ஆம்ப்ளிஃபயர் பாப்பா கைக்கு எட்டுற உயரத்துல நிக்குது. பட்டன்னு ஒண்ணு இருந்தா அவ அமுக்காம விடமாட்டா. அவளுக்கு ஷாக் கீக் அடிச்சிரக் கூடாது. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

எங்கள் மகளுக்கு ஆறு வயது. அப்போதே வந்து ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

டெஸ்டர் அவளைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "இந்த வீட்டுக்கு வயரிங் யாரு பண்ணது?"

ஏழு வருடத்துக்கு முன் இன்னொருவரிடமிருந்து வாங்கிய பழைய வீடு, தெருவில் இருக்கும் பன்னிரண்டு வீடும் ஒரே அச்சு, கட்டியவர் யாரோ என்றேன்.

"எந்தப் புண்ணியவானோ. பாப்போம்."

ஸ்பீக்கர் வயர்களை வெட்டி முனை முறுக்கி மாட்டினார். அதுவரை எல்லாம் அவர் கணக்கில் இப்போதைக்குச் சரி. ஸ்பைக் கார்டைச் சுவரில் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. எர்த் இருக்கிறது என்று அதற்கு அர்த்தமாம். என் மனைவி கைதட்டினாள். அவர் புருவம் இன்னும் மேலே போனது. இஸ்திரிப் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பக்கத்து ப்ளக் பாயின்ட்டில் சூடேற விட்டுவிட்டு, மீட்டரின் ஒரு கம்பியைக் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஓட்டையிலும் மற்றதை மேலே இருக்கும் பெரிய மூன்றாவது ஓட்டையிலும் வைத்தார். எர்த்துக்கான ஓட்டை அது.

"சைபர்" என்றார்.

"நல்லதுதானே?"

"இஸ்திரிப் பெட்டி ஓடும்போது நெசமான எர்த்துன்னா கொஞ்சமாவது வித்தியாசம் காட்டணும் சார். இது சுத்தமா சைபர். இவ்வளவு நல்லா இருந்தா நான் நம்பமாட்டேன்."

மெயினை அணைத்தார். அணைந்ததா என்று மூன்று முறை சோதித்தார். ப்ளக் பாயின்ட்டைக் கழற்றிச் சுவரிலிருந்து வெளியே இழுத்தார். குனிந்து உள்ளே பார்த்தார்.

நானும் குனிந்து பார்த்தேன். மூன்றாவது ஓட்டைக்கு வர வேண்டிய எர்த் வயரே வரவில்லை. அதற்குப் பதில், நியூட்ரலிலிருந்து ஒரு குட்டி வயர்த் துண்டு மேலே போய் அந்த ஓட்டையோடு முடிச்சுப் போட்டிருந்தது. எர்த் இருப்பதுபோல ஒரு நாடகம். எல்லா விளக்கும் எரியும், சாதாரணச் சோதனையிலெல்லாம் தேறும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் மட்டும், செருகியிருக்கும் இரும்புப் பெட்டி முழுவதும் மின்சாரம் ஏறிவிடும்.

"எவன் இந்தப் படுபாவி?" என்றாள் என் மனைவி.

"எவனோ..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

அந்தத் துண்டின் முறுக்கு இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. எதேச்சையாகத்தான் என் கண் ஆம்ப்ளிஃபயரின் முதுகுக்குப் போனது. சற்று முன் அவர் இடது கையால் முறுக்கி மாட்டிய வயர் முனைகளும் அதே பக்கமாகச் சுற்றியிருந்தன. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். பார்த்திராவிட்டால் சொல்லியிருப்பாரா? அந்தச் சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு.

"நான்தாம்மா" என்றார். "பதினெட்டு வருஷம் ஆச்சு. அப்ப இங்க ரோடே கிடையாது, பூசாத சுவரா நின்னுச்சு. அதான் தெருவுக்குள்ள வந்தும் அடையாளம் தெரியல. எர்த் குழி தோண்ட நேரமில்ல, நாளைக்குக் கரண்ட் ஆபீசர் செக் பண்ண வர்றாரு, லைட்டு எரிஞ்சாப் போதும்னாரு மேஸ்திரி. எரிஞ்சுது."

எனக்கு அவரை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. ஏழு வருடம். இந்தத் தரையில்தான் என் மகள் தவழ்ந்தாள். ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட வேண்டாம் என்று ஒருநாள்கூட அவளுக்குச் சொன்னதில்லை. என் மனைவிதான், அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "ஆனைக்கும் அடி சறுக்கும், விடுங்கண்ணே" என்றாள்.

"சறுக்கலம்மா. தெரிஞ்சுதான் வச்சேன்."

அதன் பிறகு அவர் நிமிரவில்லை. வீட்டிலிருந்த ப்ளக் பாயின்ட் ஒவ்வொன்றையும் கழற்றினார். சமையலறை, குளியலறை, மாடிப்படியடி என்று பதினோரு இடத்தில் அதே துண்டு, அதே முறுக்கு. எல்லாவற்றையும் வெட்டியெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் மெயின் சுவிட்ச் ஒன்றை ஓடிப்போய் வாங்கிவந்து மாட்டினார். நாளைக் காலையில் வந்து பின்பக்கம் குழி தோண்டி உண்மையான எர்த் போடுவதாகவும், அதுவரை ஹோம் தியேட்டரைச் சுவரில் செருக வேண்டாம் என்றும் சொன்னார். ஃப்ரிட்ஜையும் வாஷிங் மெஷினையும்கூடப் போட வேண்டாம் என்றார்.

முடித்ததும் மீட்டரை என் மனைவியிடம் நீட்டினார். "நான் பாத்தது பத்தாது. நீங்க ஒருதரம் வச்சுப் பாருங்க." எங்கே வைப்பது, மூன்றாவது ஓட்டைக்கு எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, எதிர்ச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். அவள் பதினோரு இடத்திலும் வைத்துப் பார்த்து முடிக்கும் வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஆறிப்போன டீயை அப்போது எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

வாசலுக்கு வந்து ஸ்கூட்டரைத் தெருவில் இறக்கினார். ஏறவில்லை. ஸ்டாண்ட் போட்டுவிட்டு எங்கள் வரிசையில் கடைசி வீடு வரை ஒருமுறை பார்த்தார். பிறகு எதிர்வீட்டுக்குப் போய் மணியை அடித்தார். அந்த வீட்டம்மா கம்பிக் கதவைத் திறக்காமல் அதன் பின்னால் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருப்பா நீ? நாங்க யாரையும் வரச் சொல்லலையே? எதை விக்க வந்திருக்க?"

டெஸ்டர் சட்டைப் பைக்குள் கைவிட்டு அந்தப் பதினோரு துண்டுகளையும் அள்ளி, உள்ளங்கையை விரித்துக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினார்.