கடலுக்கு முதுகு காட்டி

“…கடலைப் பாருங்கோ அக்கா, ஆக்களைப் பாக்காதையுங்கோ. இஞ்சத்தைச் சனம் கடற்கரைக்கு வந்தா கடலைத்தான் பாக்குங்கள். இப்பிடி ஒவ்வொருத்தற்ற மூஞ்சியையும் பாத்துக்கொண்டிருந்தா பொலிஸ்காரன் வந்து என்ன ஏதெண்டு கேப்பான்.”

அம்மாவும் நானும் சென்னைக்குப் போய் இறங்கிய முதல் பின்னேரம், மெரினா மணலில் வைத்து மாமா இப்படிச் சொன்னார். மாமா அம்மாவின் தம்பி. சண்டை முற்றுவதற்கு முன்பே வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவர். அகதி முகாமில் கொஞ்சக்காலம் இருந்துவிட்டு, பிறகு சென்னையில் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்தார். அவருடைய நகக்கண்ணிலும் காதோரத்திலும் யாரோ ஒருவரின் வீட்டுச் சுவர் எப்போதும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஸ்கந்தபுரத்திலிருந்து கிளிநொச்சிப் பட்டினத்துக்குப் போவதே எனக்கு வெளிநாட்டுப் பயணம். உண்மையான வெளிநாட்டுக்கே போகிறோம் என்றதும் வகுப்பில் ஒரு பிள்ளையை மிச்சம் விடாமல் சொல்லிவிட்டுத்தான் பிளேனில் ஏறினேன். எதற்குப் போகிறோம் என்று கேட்டவர்களுக்கு, கடற்கரை பார்க்க என்றேன். அப்படித்தான் நான் நம்பியிருந்தேன்.

விசயம் வேறு. எங்கள் பக்கத்து வளவு மாமி கண் வைத்தியத்துக்குச் சென்னை போய் வந்திருந்தார். வந்தவர் வேலியடியில் நின்று அம்மாவைக் கூப்பிட்டார். “மெரினாவில, பலூன் சுடுற கடையடியில கண்டனான் பிள்ளை. முதுகுப் பக்கம்தான் கண்டது. ஆனா அந்த இடக்கால் இழுவை இருக்கே, அச்சொட்டா உன்ர மனுசன். நான் கூப்பிட வாய் திறக்கிறதுக்குள்ள சனத்துக்குள்ள மறைஞ்சிட்டுது.”

அப்பா கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். எங்கள் பக்கத்தில் காணாமல் போனவர்கள் எல்லோரும் இப்படித்தான் யார் கண்ணிலாவது படுவார்கள்: முதுகுப் பக்கமாக, சனத்துக்குள். மாமி போனதே கண்ணில் வெள்ளை படர்ந்ததற்கு என்பதை அம்மாவுக்கு ஒருவரும் நினைவுபடுத்தவில்லை. அப்பாவின் படத்துக்கு மாலை போடவிடாத, பொட்டையும் தாலியையும் கழற்றாத ஒருத்தியிடம் யார் போய் அதைச் சொல்வது?

சென்னையில் மாமா எங்களை அந்த ஊர்க்காரர் ஆக்கப் பார்த்தார். “இஞ்சத்தை ஆக்கள் மாதிரி நிண்டா ஒருத்தரும் எங்களைத் துருவமாட்டினம்” என்பது அவர் கதை. மணலில் செருப்பைக் கையில் தூக்க வேண்டும். சுண்டலைக் கடதாசிச் சுருளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்ன வேண்டும். பஜ்ஜிக்காரனுக்கு ‘ஓம்’ சொல்லக்கூடாது, ‘ஆமா’ சொல்ல வேண்டும். எல்லாப் பாடத்திலும் நான் முதலாம் பிள்ளை. அம்மா ஒன்றில் மட்டும் சித்தியடைந்தார். மாமா வாங்கிக் கொடுத்த மல்லிகைச் சரத்தை மறுக்காமல் தலையில் வைத்துக்கொண்டார். ஊரில் பூ வைத்தால் நாலு வாய் நாலு கதை கதைக்கும். இங்கே வைத்ததற்குக் காரணம், கண்டால் அப்பா பூவோடு காணட்டும் என்பது. அது எனக்கு இப்போது தெரிகிறது.

கடலைப் பார்த்து இருப்பது மட்டும் அம்மாவுக்குச் சரிவரவில்லை. அலைக்கு முதுகைக் கொடுத்து, சனத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

“அக்கா, திரும்பி இருங்கோ. எல்லாரும் உங்களைத்தான் பாக்கினம்.”

“பாக்கட்டும். நான் பாத்த கடலே போதும் தம்பி.”

 கடைசிச் சண்டை நடந்த அந்தக் கடற்கரையில் நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

நானும் அம்மாவின் பக்கத்தில் கடலுக்கு முதுகு காட்டி இருந்தேன். எனக்கு அது ஒரு விளையாட்டு. அப்பா மாதிரி ஆரும் வந்தா சொல்லு என்றிருந்தார் அம்மா. அப்பாவை நான் படத்தில் மட்டும்தான் அறிவேன். மீசை வைத்த ஆம்பிளை எல்லோரும் எனக்கு அவர் மாதிரித்தான். “அந்தா!” என்று நான் கைகாட்டும் இடத்துக்கெல்லாம் அம்மா எழும்பிப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து இருப்பார். ஒரு தரம்கூட என்னை ஏசவில்லை.

பலூன் சுடுகிற கடைகள் அங்கே நிறைய. மாமா எங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப்போனார். ஆனால் ஒரு சிலைக்குக் கிட்ட இருந்த கடைப் பக்கம் மட்டும் திருப்பமாட்டார். “அவன் துவக்கைக் கோணலா வைச்சிருக்கிறான், ஒண்டும் படாது” என்பார். ஊர் திரும்புவதற்கு முதல் நாள் நான் அவர் கையை உதறிக்கொண்டு அந்தக் கடைக்கே ஓடினேன். பின்னால் இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

கடைக்காரர் மாமாவைக் கண்டதும் சிரித்தார். “இன்னாண்ணே, இன்னிக்கு ஃபேமிலியோட வந்துக்கிறே! தேடிக்கினு இருந்தியே, அந்த ஆளு கெடச்சிட்டாரா?”

 அம்மா கைப்பையிலிருந்து அப்பாவின் படத்தை எடுத்து நீட்டினார்.

“அட, இதே படத்தைத்தாம்மா அண்ணன் வாராவாரம் கொண்டாந்து கடை கடையா காட்டும். நம்ம கடையில காலை இழுத்து நடக்கிற பையன் ஒருத்தன் இருந்தான், அவனையும் நேர்லயே காட்டிட்டேன். அவன் செஞ்சிக்காரன்மா. சிலோன்லாம் கிடையாது.”

பலூன்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. எனக்குச் சுடவேண்டும் என்று நான் சிணுங்கினேன். ஒருவர் காதிலும் விழவில்லை.

“எப்ப கண்டனீ அந்தப் பொடியனை?” என்று அம்மா மாமாவைக் கேட்டார்.

“நீங்கள் விசாவுக்குக் குடுக்கிறதுக்கு முன்னமே.”

“பிறகேன்டா எங்களை வரச்சொன்னனீ?”

“போனில சொன்னா நம்பியிருப்பியளே அக்கா? தம்பி வடிவாத் தேடேல்லையெண்டு அங்க இருந்து செத்துக்கொண்டிருப்பியள். ஒருக்கா உங்கட கண்ணாலயும் பாத்தா… பாத்திட்டு விட்டிடுவியள் எண்டு நினைச்சனான்.”

அம்மா படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பைக்குள் வைத்தார். மணலில் நடந்து முன்பு இருந்த அதே இடத்துக்குப் போனார். அன்றைக்கும் கடலுக்கு முதுகு காட்டியே உட்கார்ந்தார். ஆனால் முகங்களைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனியாவது கடலைப் பாருங்கோ அக்கா” என்றார் மாமா. கெஞ்சுவது போல் இருந்தது.

  பிறகு மாமாவும் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்துவிட்டு, கடலுக்கு முதுகைக் கொடுத்து எனக்கு மற்றப் பக்கத்தில் இருந்தார். கடைசியில் மாமாவும் விளையாட்டுக்கு வந்துவிட்டார் என்று எனக்குப் பெரிய சந்தோசம். சனத்துக்குள் மீசை வைத்த ஒருவர் ஐஸ்கிரீமோடு போய்க்கொண்டிருந்தார்.

“அந்தா!” என்றேன்.

அம்மா எழும்பவில்லை. மாமாதான் எழும்பினார். மணலைத் தட்டிக்கொண்டு, அவசர அவசரமாக அந்த ஆளுக்கு முன்னால் போய், அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.