கழுதை வழிமறித்த அறுப்பின் பண்டிகை

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு நெல்லும் வாழைத்தாரும் வராது. பனியன் கம்பெனிகளாய் நிறைந்த முதலிபாளையத்தில் அறுக்க என்ன இருக்கிறது? பனியனும் ஜட்டியும் கட்டுக்கட்டாகக் காணிக்கையாக வரும், ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் மட்டும் அந்தக் குவியலின் நடுவே எங்கள் அம்மாவின் ஓவர்லாக் தையல் மிஷின் உட்கார்ந்திருந்தது.

காரணம், பண்டிகையை ஒட்டிக் கூட்டம் நடத்த வந்த ஒரு பிரசங்கியார். வெள்ளை ஜிப்பா, தோளில் நீலச் சால்வை. எல்லோரும் அவரைத் தீர்க்கதரிசி என்றார்கள், அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. துணி ரோல் இறக்கும்போது முதுகில் அடிபட்டு அப்பா மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்தார். அவருக்காக ஜெபிக்க அம்மா பிரசங்கியாரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். கண்ணை மூடி ஜெபித்தவர், கண்ணைத் திறந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் வீட்டில் பார்ப்பதற்கு இருந்தது அந்த மிஷின் ஒன்றுதான். அம்மா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் அப்பா எழுந்திருக்கவில்லை என்று கர்த்தர் தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். அம்மா அதில் தைத்துக் கொடுத்துத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அதை அவருடைய ஊழியத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிடுவதென்று அவள் அன்றே முடிவு செய்துவிட்டாள்.

சித்தி சும்மா இருப்பாளா? அம்மாவின் தங்கையான அவள் எங்களோடுதான் இருந்தாள்; பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கெல்லாம் ஞாயிறு பள்ளி டீச்சர். பொருளாசை பிடித்த போதகர்கள் வருவார்கள், இனிக்க இனிக்கப் பேசி உங்களை வைத்தே சம்பாதிப்பார்கள் என்று வேதத்திலேயே எச்சரித்திருக்கிறதே என்று அம்மாவோடு மல்லுக்கு நின்றாள். தேவ மனுஷனைக் குறை பேசாதே என்று அம்மா அவள் வாயை அடைத்துவிட்டாள். சித்தியும் சரி என்று போய்விட்டாள். அவள் அத்தனை சீக்கிரம் சரி என்று சொல்லி நான் பார்த்ததேயில்லை.

மறுநாளே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் போடும் பண்டிகை நாடகம் மாறிப்போனது. காணாமல் போன ஆட்டுக்குட்டியாக நடிக்க இருந்த என்னைச் சித்தி கழுதையாக்கிவிட்டாள். நான் அழுதேன். இதுவும் வேதத்தில் இருக்கிற கழுதைதான் என்று தேற்றினாள். கூலிக்கு ஆசைப்பட்டு ஒரு தீர்க்கதரிசி கழுதை மேல் ஏறிப் போகிறான்; அவன் பெயர் அப்போது என் வாயில் நுழையவில்லை. வழியில் தேவதூதன் உருவிய வாளோடு நிற்கிறான். கழுதைக்குத் தெரிகிறது, தீர்க்கதரிசிக்குத் தெரியவில்லை. நகராத கழுதையை அவன் அடிக்க, கழுதை வாய் திறந்து நியாயம் கேட்கிறது. பக்கத்து வீட்டுப் பையன்தான் தீர்க்கதரிசி. அவனுக்கு வெள்ளை ஜிப்பா, நீலச் சால்வை. எனக்குச் சாம்பல் நிற வேஸ்ட் துணியில் உடம்பும் காதும், தலையை மூடிய முகமூடியும்.

பண்டிகையன்று முகமூடியை மாட்டியதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு வெட்டியிருந்த ஓட்டை அத்தனை சின்னது. சித்தி என் கையைப் பிடித்து நடத்திப்போய் ஓரிடத்தில் நிறுத்தி, தோளைத் திருப்பிவிட்டாள்.

“இவுருதான் கண்ணு. வழிய உடாத.”

ஓட்டை வழியாகப் பார்த்தேன். வெள்ளை ஜிப்பா, நீலச் சால்வை. பீடத்துப் பக்கம் போகப் பார்த்தது. குறுக்கே நின்றேன். வலப்பக்கம் ஒதுங்கியது, நானும் ஒதுங்கினேன். இடப்பக்கம் போனது, நானும் போனேன். சபையில் சிரிப்பு எழுந்தது. ஒரு கை என் காதைப் பிடித்துத் தள்ளியது. அடி விழுந்தால் வசனம் பேச வேண்டும், அதுதானே ஒத்திகை? முழுக் குரலில் பேசினேன்.

“ஏனுங்க, என்னைய எதுக்குங்க அடிக்கறீங்க? முன்னால கத்தியோட நிக்கறவரு தெரியலீங்களா? காசு கண்ணை மறைச்சுப் போடுச்சுங்களா?”

சிரிப்பு நின்றுபோனது. இது யார் பிள்ளை என்று தலைக்கு மேலே கேட்ட குரல் பக்கத்து வீட்டுப் பையனுடையது அல்ல.

அம்மா எழுந்து வந்தாள். செத்தோம் என்று நினைத்தேன். அவள் முகமூடியைக் கழற்றி, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். என் எதிரே நின்ற பிரசங்கியாரையும் பார்த்தாள், மிஷினையும் பார்த்தாள். பிறகு நேராகப் போய் மிஷினை ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கம் பிடிக்கச் சித்தி தயாராக வந்து நின்றாள். உன் புருஷன் எழுந்திருக்க வேண்டாமா என்று பிரசங்கியார் கேட்டார்.

“அவர எந்திரிக்க வெக்கறதுக்கு ஆண்டவருக்கு என்ற மிஷினு தேவையில்லீங்க” என்றாள் அம்மா.

குரலை உயர்த்தவில்லை. ‘ங்க’வைக்கூட விடவில்லை. இரண்டு பேரும் மிஷினைத் தூக்கிக்கொண்டு சபை நடுவே நடந்தார்கள், கழுதை பின்னால் போனது.

அப்பா அதன் பிறகு முழுசாக எழுந்து நடக்கவேயில்லை. உட்காரும் அளவுக்குத் தேறி, அம்மா தைத்ததற்கெல்லாம் நூல் பிசிறு வெட்டிக் கொடுத்தார். மிஷினைக் கொடுத்திருந்தால் அப்பா நடந்திருப்பார் என்று சபையில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்த மிஷின்தான் என்னைப் படிக்கவைத்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும், ஆள் மாறிப்போய் நாடகத்தைக் கெடுத்துவிட்டேன் என்று சித்தியிடம் அழுதேன். ஓட்டையைத் தான்தான் சின்னதாக வெட்டிவிட்டதாகச் சொன்னாள். கட்டிங் வேலையில் ஒரு பீஸ்கூட வீணாக்காதவள் அவள். நான் பெரிய மனசு பண்ணி மன்னித்தேன். அப்போது பக்கத்து வீட்டுப் பையன் ஜிப்பாவும் சால்வையுமாக ஐஸைச் சப்பிக்கொண்டு வந்து, நாடகம் எப்போது என்று கேட்டான். ஆராதனை நடக்கும்போதே காசு கொடுத்து அவனைக் கடைக்கு அனுப்பியது சித்திதானாம். எனக்கு ஏன் வாங்கவில்லை என்று மட்டும்தான் அன்று எனக்குக் கேட்கத் தெரிந்தது.