ஸ்டாண்டர்ட் என்று ஒரு பொத்தான்

ஐசியூவில் இருப்பவரை வீட்டார் வீடியோவில் பார்ப்பதற்கான ஆப் அது. நேரத்தைக் காட்ட அதில் இரண்டு பொத்தான்கள். ஒன்று மருத்துவமனை இருக்கும் ஊரின் நேரத்தைக் காட்டும், மற்றது பார்ப்பவர் இருக்கும் ஊரின் நேரத்தை. பொத்தானில் என்ன எழுதுவது என்று யோசிப்பது என் வேலை. இதையே அப்படியே எழுதிவிடலாமே என்றேன். இவ்வளவு நீளமா என்று மேனேஜர் சிரித்தார். கடைசியில் ‘ஸ்டாண்டர்ட்’, ‘கஸ்டம்’ என்று ஒட்டிவிட்டார்கள். சோதித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் பூனாவில் உட்கார்ந்திருந்தவர்கள். எதை அழுத்தினாலும் ஒரே மணிதான் வந்தது. பிறகு யார் நான் சொல்வதைக் கேட்பார்கள்?

அடுத்த மழைக்காலத்தில் என் அப்பாவே ஐசியூவுக்குப் போனார். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒருநாளும் சங்கு ஊதிய பிறகு கேட்டுக்குள் நுழைந்ததில்லை. நேரத்துக்கு வராதவனை மனுஷனாகவே மதிக்கமாட்டார். தம்பி மஸ்கட்டில் இருந்தான். அவனுக்கு டிக்கெட் மறுநாளைக்குத்தான் கிடைத்தது. அதுவரை அப்பா தாங்குவார் என்று டாக்டர் சொல்லவில்லை.

அந்த மருத்துவமனையில் இருந்தது எங்கள் ஆப்தான். தம்பியின் போனுக்கு ‘ஸ்டாண்டர்ட்’ நேரம் ஆறு மணி என்று வந்தது.

“ஆறுக்கு டாண்ணு வந்துடுவேன்க்கா. அப்பாகிட்ட சொல்லிடு” என்றான்.

சொன்னேன். மஸ்கட்டில் ஆறு அடிக்கும்போது இங்கே ஏழரை ஆகியிருக்கும் என்பது எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஆறு மணிக்கு நர்ஸ் டேப்லெட்டை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். திரையில் யாரும் இல்லை. தம்பி வேலை செய்யும் இடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அழைத்து அழைத்து ஓய்ந்துபோனேன். அப்பா கண்ணை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த படுக்கைக்குப் போகவேண்டும் என்றார் நர்ஸ்.

“வரலையா அவன்?” என்று அப்பா என்னைக் கேட்டார். “சரி, மூடிடச் சொல்லு.”

அவர் கடைசியாகப் பேசியது அதுதான். தம்பி மஸ்கட் நேரம் ஆறு மணிக்கு ஆப்பைத் திறந்தபோது, பார்வை நேரம் முடிந்தது என்று வந்ததாம். விடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

காரியம் முடிந்து ஆபீஸ் போனதும் அந்தப் பொத்தானைப் பற்றிப் புகார் பதிந்தேன். சாயங்காலமே பதில் வந்தது: இங்கே சரியாகத்தான் காட்டுகிறது, புகாரை மூடிவிட்டோம். பக்கத்து மேசையில் சமோசா பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று வைத்தார்கள்.

பூனாவில் வானவடிப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது தம்பி தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான். மஸ்கட்டுக்குக் கிளம்ப அவன் பெட்டி தயாராக இருந்தது.

“அக்கா, அன்னைக்கு அப்பா என்னைக் கேட்டாரா?”

“இல்லடா. அவருக்கு நெனப்பே இல்ல. கண்ணே தொறக்கல.”

அவன் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசையத் தொடங்கினான்.