பாக்கெட் எந்தப் பக்கம்?

தையல்காரியின் விரல்கள் கோட்டின் வலது தோளை உயர்த்த உள்ளே வைத்துத் தைத்திருந்த பஞ்சுப் பேடைப் பிரித்துக்கொண்டிருந்தன. இஸ்திரி போடக் காத்திருந்த கணவருக்குப் பொறுக்கவில்லை.

"முடிஞ்ச வேலையை எதுக்குப் பிரிக்கிற? பையனோட அப்பா ஏர்போர்ட் போற வழியில கோட்டை வாங்க வந்துட்டிருக்கார்."

"இந்தப் போட்டோவைப் பாருங்க. சட்டைப் பாக்கெட் அவனோட வலது பக்கம் இருக்கு. எந்த டெய்லராவது அப்படி வைப்பானா? கண்ணாடி முன்னாடி நின்னு எடுத்திருக்கான். படத்துல வலதா தெரியுற இறங்கின தோள் நிஜத்துல இடது."

"அப்படியே கொடுத்திருந்தா சாஞ்ச தராசு மாதிரி நின்னிருப்பான்!" என்றார் கணவர்.

வெளிநாட்டில் படிக்கும் அந்தப் பையனை அவள் நேரில் பார்த்ததில்லை. பட்டமளிப்பு விழாக் கோட்டுக்கு அளவும் படமும் வாட்ஸ்அப்பில் வந்தன. "தோள் இறங்கினது யாருக்கும் தெரியக் கூடாதுக்கா" என்று வாய்ஸ் மெசேஜில் கெஞ்சியிருந்தான். ஆளைத் தொட்டு அளக்காமல் துணியை வெட்ட மாட்டேன் என்று ஒரு காலத்தில் முரண்டு பிடித்தவள் அவள். இப்போது முன்பின் தெரியாத தோள்களெல்லாம் கைப்பேசி வழியே வருகின்றன. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பேடை இடது தோளில் வைத்துத் தைத்தாள். கணவர் இஸ்திரி போட்டு முடிக்கவும் பையனின் அப்பா பெட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"அவன் போட்டுக்கிட்டதும் ஒரு போட்டோ அனுப்புங்கண்ணே. கண்ணாடி வேண்டாம், நீங்களே எடுங்க" என்று கோட்டை அவர் கையில் கொடுத்தாள்.