செவ்வாயிலிருந்து வந்த ரோபோ

தொண்ணூறுகளில் நான் கோவையில் கல்லூரியில் படித்தபோது, ஒரு வார இதழில் வந்த விஞ்ஞானத் தொடர்கதை என்றால் எங்கள் வகுப்புக்கே உயிர். கடைசி வாரத்தில் அதன் ரோபோவைச் செவ்வாயில் தனியாக விட்டுவிட்டுக் கதையை முடித்துவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அது பூமிக்குத் திரும்பி வந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதாக நானே மேற்கொண்டு எழுதினேன். ஜெராக்ஸ் பிரதிகள் வகுப்பில் சுற்றின. பலரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வரும் தோழி மட்டும் தயங்கி நின்றாள். கரண்ட் போய் வீட்டு விசைத்தறி நின்ற நேரத்தில், அவளுடைய அம்மா என் கதையை அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

"அம்மாவுக்கு ஒரு கொறைங்க. அத்தன தூரத்துல இருந்து ஊட்டுக்கு வந்திருக்குது, ஒரு சொம்புத் தண்ணி குடுக்கலையேன்னு கேக்கறாங்க."

"ரோபோ தண்ணி குடிக்குமாங்க?"

"நானும் அதத்தானுங்க சொன்னேன். குடிக்காட்டிப் போகுது, குடுக்கோணுமல்லன்னுட்டாங்க."

அன்று மாலையே அந்த இடத்தை மாற்றி எழுதினேன். கதவைத் திறந்த பெண் சொம்பை நீட்டுகிறாள். ரோபோ அதை இரண்டு கையாலும் வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது.

அதன்பிறகு படித்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தைப் பற்றித்தான் பேசினார்கள். பல்லடத்து அம்மாவும் மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: "இப்பத்தான் அது ஊடு வந்து சேந்துச்சுங்க."